பின்னால் கேட்ட காலடி

இன்று மயிலாடியில் சந்தித்தது கல்தச்சர் குமாரதாஸ் அண்ணாச்சியை. மனசு இன்னும் ஆறவில்லை!

1951இல் அவரும் தம்பி யோவானும் போலீஸ் பயிற்சியில் சேர உடம்பைத் தேற்றினார்கள். பட்டறைக் கல்லைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, அண்ணன் முன்னாலும் தம்பி பின்னாலுமாகச் சுமந்து ஓடுவார்கள்.

"மெல்லப் போ அண்ணே, கல்லு எங் கால்ல இடிக்கு!"

"ஏலே, கள்ளன் மெல்லவா ஓடுவான்?" என்று சிரித்தாலும் அண்ணன் வேகத்தைக் குறைப்பார்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு காலரா யோவானைக் கொண்டுபோனது.

தேர்வு ஓட்டத்தில் முதல் பத்துப் பேருக்கே இடம். குமாரதாஸ்தான் முன்னால் ஓடினார். முடியப்போகும் இடத்தில் பின்னால் காலடி கேட்டது. தம்பிக்குக் கால் இடிபடுமே என்று வேகத்தைக் குறைத்துவிட்டார். வேலை போயிற்று.

"எல்லாவனும் என்னத் தாண்டிப் போயிட்டான் மக்கா. பொறவும் பின்னால காலடி கேட்டுது."

மயிலாடிக்குப் போனால் அவரைப் பாருங்கள். பின்னால் நடக்காமல், பக்கத்தில் நடந்து பேசுங்கள்.