வில்ஃப் கை கழுவிய கதை

எங்கள் தெருவில் எந்த வீட்டில் மழை ஒழுகாது என்று கேட்டால் என் வீட்டையும் பக்கத்து வீட்டையும்தான் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே புகைபோக்கி. அது கூரையோடு சேருகிற இடத்தில் காரீயத் தகட்டை மடித்து அடித்து, ஒரு சொட்டு இறங்காமல் செய்தவன் பக்கத்து வீட்டு வில்ஃப் சக்டன். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பக்கத்து மழையில் அது லேசுப்பட்ட காரியமா?

அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். அதனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நோரீன், அதாவது வில்ஃபின் மனைவி, பாதியிலேயே அழுதுவிடுவாள்.

கூரைகளுக்கு ஈயத்தகடு அடிப்பதுதான் அவன் தொழில். கூரை மேலே பூனை மாதிரி நடக்கும் வில்ஃப், தரையில் சரியான பயந்தாங்கொள்ளி. மழை வலுத்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு, தான் வேலை செய்த வீடுகளைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருவான். "எவனாவது திருடன்னு நினைச்சுப் போலீஸைக் கூப்பிடப் போறான், பாரு" என்பேன். "ஒழுகினா யாரு பதில் சொல்றது, மேவிஸ்?" என்பான்.

அவர்களுக்கு ஒரே பெண், ஹெட்டி. அவளுடைய நாலாவது பிறந்தநாளுக்கு வெட்டி மிஞ்சின ஈயத்துண்டு ஒன்றை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு வாத்து செய்து கொடுத்தான். கட்டைவிரல் அளவுதான். வால் தூக்கி நிற்கும். நான்கூட, "எனக்கும் ஒண்ணு பண்ணித் தாயேன்" என்று கேட்டேன். அதைக் கணப்பு மேடை மேல் வைத்தார்கள். பிறகு ஒருநாள் அதைக் காணோம். யாரும் தேடவும் இல்லை. அந்த வீட்டில் கதவு மூடாமல் இருக்க ஈயக்கட்டி, ஜன்னல் திரைக்குப் பாரமாக ஈயக்கட்டி. ஒரு வாத்தை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

அந்த இலையுதிர் காலத்தில் ஹெட்டி வெளிறிப்போனாள். சாப்பாட்டைக் கண்டால் ஓட்டம், எந்நேரமும் வயிற்றுவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டாராம். பிறகு ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம். இன்னும் ஏறினால் மூளையைப் பாதிக்கும், படிப்பு ஏறாமல்கூடப் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வில்ஃபின் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சுவர் வழியாகக் கேட்கும்: "ஹெட்டி, இது என்ன நிறம்? இது? பக்கத்து வீட்டு அத்தை பேரு என்ன சொல்லு?" குழந்தை சொல்லும். மறுநாளும் கேட்பான். ஒருநாள் அவள் வேண்டுமென்றே பச்சையைச் சிவப்பு என்று சொல்லிச் சிரித்தாள். வில்ஃப் சிரிக்கவில்லை. கொல்லைக்கதவு திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், குளிரில் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

வேலைத்துணியில் ஒட்டி வருகிற ஈயத்தூசிதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். கொல்லையில் இருக்கும் கரிக்கொட்டகையில் துணியைக் களைந்து, பனிக்காலத்துக் குழாய்த்தண்ணீரில் கார்பாலிக் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிக்க ஆரம்பித்தான். "வில்ஃப், தெருவே வேடிக்கை பாக்குது, நான் டிக்கெட் போட்டு வசூல் பண்ணவா?" என்று கத்துவேன். அவன் இன்னும் வேகமாகத் தேய்ப்பான்.

அவ்வளவு தேய்த்தும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் ஹெட்டி ஓடிவருவாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வராதே! கிட்ட வராதே கண்ணு!" என்று அலறுவான். குழந்தை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நாளில் ஓடிவருவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது முறை ரத்தம் எடுத்தார்கள். அளவு ஏறியிருந்தது.

சமையலறையில் பழைய ஈயக்குழாய் ஓடுகிறதே என்று நான்தான் சொன்னேன். ஒரே நாளில் அதைப் பிடுங்கி எறிந்து செம்புக்குழாய் போட்டான். கையோடு என் வீட்டிலும் போட்டான். மூன்றாவது முறை பார்த்தார்கள். இன்னும் ஏறியிருந்தது. அந்த வாரம் நோரீன் போட்ட கூச்சலைக் கேட்கச் சுவர் தேவையில்லை. "வேலையை விடு! குழந்தை வேணுமா, கூரை வேணுமா?" அவன் மெதுவாக, "வெள்ளிக்கிழமை சொல்லிட்டு வந்துடறேன்" என்றான். வேறு எந்த வேலையும் தெரியாதவன்!

வெள்ளிக்கிழமை அவன் முதலாளியைப் பார்க்கப் போனான். நோரீன் டாக்டரைப் பார்க்கப் போனாள். ஹெட்டி என்னிடம். பாதி உருளைக்கிழங்கு தின்றுவிட்டு என் சோபாவில் தூங்கிப்போனாள். நான் பின்னிக்கொண்டிருந்தேன். பார்த்தால் குழந்தையின் கன்னம் உப்பியிருக்கிறது, வாய் சப்புகிறது. மிட்டாயோடு தூங்கிவிட்டாளே, தொண்டையில் சிக்கினால் என்ன ஆவது என்று பதறி, வாய்க்குள் விரலை விட்டேன்.

வாத்து வந்தது. வால் மழுங்கிப்போயிருந்தது. உடம்பெல்லாம் பல் பதிந்த தடம்.

அவள் விழித்துக்கொண்டு கத்தினாள். "குடு! அது என்னுது!"

"இதை எங்கடி வெச்சிருந்தே இத்தனை நாளா?"

"தலகாணி உறைக்குள்ள. அதுல அப்பா வாசனை அடிக்குது, அத்தை. அப்பா என்னைக் கட்டிக்கவே மாட்டேங்கிறாரு."

வாத்தை அவள் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்தேன்.

வில்ஃப் வந்தான். வாத்தைக் கையில் கொடுத்தேன், அவள் சொன்னதையும் சொன்னேன். மறைத்திருக்கலாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவன் என் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் தள்ளித் தள்ளி விட்டேன், மேவிஸ். அவ இதைச் சப்பியிருக்கா. தள்ளத் தள்ள அளவு ஏறியிருக்கு." அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"எந்திரிடா முட்டாள்" என்றேன். "அழறதுக்கு வேற நாள் இருக்கு. போய்க் குளிச்சிட்டு வந்து அந்தக் குழந்தையைத் தூக்கு."

குளித்துவிட்டு வந்து தூக்கினான். அவள் முதலில் விறைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வாத்து வேண்டுமென்று மட்டும் அழுகை ஓயவில்லை. "வாத்துக்கு மழைதான் பிடிக்கும், கண்ணு. மேல கொண்டுபோய் விட்டுடலாம்" என்றான். மறுநாள் ஏணி போட்டு ஏறி, எங்கள் புகைபோக்கியின் ஈயத்தகட்டு மடிப்புக்குள் அதை வைத்து அடித்து மூடினான். இப்போதும் என் படுக்கைக்கு நேர் மேலேதான் இருக்கிறது.

அளவு இறங்கியது, மெதுவாக. இறங்கி முடிகிறவரை நாங்கள் மூன்று பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். முதலாளியிடம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவன் வேலையிலேயே இருந்தான். ஹெட்டி படித்தாள், நன்றாகவே படித்தாள். இப்போது லீட்ஸில் கணக்கு டீச்சர். வில்ஃப் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் அவள் வருகிற நாளில் வாசலில் கார் நின்றதும் அவன் கொல்லைக்குழாயைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

போன மாதம் அவள் தன் கைக்குழந்தையோடு வந்தாள். நானும் போயிருந்தேன். வில்ஃப் கையைக் கழுவினான், துடைத்தான், திரும்பப் போய்க் கழுவினான். வந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா, வாங்கிக்கோங்கப்பா" என்றாள் ஹெட்டி.

"நீயே வெச்சிரும்மா. நான் இப்படியே பாத்துக்கறேன்."

"அப்பா!"

அவன் என் பக்கம் திரும்பினான். பத்து விரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டினான். "மேவிஸ், நகத்தைப் பாரேன். நல்லாப் பாத்துச் சொல்லு."

என் கண்ணாடி என் வீட்டு மேசை மேல் இருந்தது. அது இல்லாமல் எனக்கு அவன் கையே மங்கலாகத்தான் தெரியும். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தேன்.

"சுத்தமா இருக்கு, வில்ஃப்" என்றேன். "வாங்கிக்கோ."