ஹோம் எந்தப் பக்கம்?

சர்வோ மோட்டாரும் அதை ஓட்டுற டிரைவும் விக்கிற தொழில்ல, வித்து முடிச்ச அன்னிக்குத்தான் வேலையே ஆரம்பிக்கும். ஏர்கோன் கடை, ரிப்பேர் கடைன்னு வெச்சிக்கிட்டு லோல்படுற உங்களுக்கு இந்த வயித்தெரிச்சலை நான் சொல்லணுமா என்ன?

ஸ்கூடாய்ல கடை. வீட்டுலயே சி.என்.சி. மெஷின் கட்டுற ஆளுங்கதான் என் தலையெழுத்து. கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் குடுத்தா தானா பலகைய வெட்டிக் குடுக்குமே, அந்த மெஷின். போன தைப்பூசத்துக்கு முன்னாடி என் உயிரை எடுத்தவரு கெலாங் பாத்தாங்கிற ஊருல இருக்கிற செல்வம். ரொம்ப வருஷமா கடல் மேல போற ரெண்டாவது பாலத்துல மோட்டோ பைக்கு ஓட்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போயிட்டு வந்த மனுஷன். முதுகு போச்சு. புள்ளைங்க முழிச்சிருக்கிறப்ப அதுங்க மூஞ்சியப் பாத்ததில்ல. வேலைய விடுறேன்னு சொல்லிட்டாரு, காவடிப் பலகை வெட்டித் தர்றேன்னு ஊரெல்லாம் வாக்கும் குடுத்துட்டாரு. மாசக் கடைசிக்குள்ள மெஷின் ஓடலேன்னா, சூப்பர்வைசர் காலப் புடிச்சு மறுபடியும் பாலம் ஏறணும்.

பெருசு

மொத நாள் கடைக்கு வந்தவரு, "இருக்கிறதுலயே பெரிய மோட்டாரா குடுங்கண்ணே"ன்னாரு. மெஷின்ல நகர்ற பாகம் எவ்ளோ வெயிட்டுன்னு கேட்டேன். "நானும் சம்சாரமும் சேந்து தூக்கினோம், அவளுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. அவ்ளோ வெயிட்டு"ன்னாரு. அலமாக்! இதை வெச்சு நான் என்ன கணக்குப் போட?

பலகை வெட்டுறதுக்கு அம்மாம் பெருசு வேணாம், எங்கயாச்சும் முட்டிச்சுன்னா சட்டத்தையே முறுக்கிப் போட்டுடும்னு தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். சின்னதைத்தான் வாங்கினாரு, ஆனா மூஞ்சி சரியில்ல.

"சின்னதே போதும்னு சொல்ற கடக்காரரை இப்பத்தாண்ணே பாக்குறேன், கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு."

பிரேக்கு

வெட்டுற தலை மேலயும் கீழயும் போகும். அதுக்கு மட்டும் பிரேக்கு வெச்ச மோட்டார் எடுங்க, கரண்டு போனா அதுதான் புடிச்சு நிறுத்தும்னேன். கேக்கல. "இது என்ன ரோட்டுலயா ஓடப் போவுது?"ன்னு சிரிச்சாரு.

அடுத்த வாரமே நல்ல மழை, கரண்டு கட்டு. வெட்டிக்கிட்டிருந்த தலை சர்ருன்னு கீழ எறங்கி, காவடி மயிலோட கழுத்துல குத்தி நின்னுடுச்சு. மழையோட மழையா கெலாங் பாத்தா போயி பிரேக்கு மோட்டாரை மாட்டினேன். மனுஷன் மயிலைத் தடவிக்கிட்டே சொன்னாரு:

"வேலை முடிஞ்சு வந்தா நானும் இப்படித்தான் சரிஞ்சு விழறேன், எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்கண்ணே."

ஐஸ்பொட்டி

டிரைவ் எல்லாம் மெஷின் ஓடுறப்ப கொஞ்சம் கொஞ்சம் கரண்டை எர்த்துல கசிய விடும். மெஷினுக்கு மூணு டிரைவ், மூணும் சேந்து கசிஞ்சா வீட்டு மெயினே ட்ரிப் ஆயிடும். ஆச்சு. டி.வி. நாடகம் நின்னுச்சு, கரண்டு சோத்துப் பானை நின்னுச்சு. வயர்மேனைக் கூட்டிட்டு வந்து தனி லைன் இழுத்தாத்தான் தீரும்னு நான் சொல்லிக்கிட்டிருக்கிறப்பவே, செல்வத்தோட சம்சாரம் பரமேஸ் கரண்டியோட மெஷின் இருக்கிற போர்ச்சுக்கு வந்துடுச்சு.

"அண்ணே, உங்க டிரைவ் ஓடுதோ இல்லையோ, என் ஐஸ்பொட்டி ஓடணும்."

ஹோம்

மாசக் கடைசி. தனி லைன் இழுத்து, கழட்டினதையெல்லாம் செல்வம் மறுபடியும் மாட்டியாச்சு. மெஷினுக்குக் கரண்டைத் தொறந்ததும் அது மொதல்ல 'ஹோம்' போவணும். ஒரு மூலையில சுவிட்ச் இருக்கும், அதைத் தொட்டு நின்னப்புறம்தான் அதுக்கு எடம் புரியும். செல்வம் சாமியக் கும்பிட்டு ஹோம் பட்டனை அமுக்கினாரு. அது நேரா எதிர்ப்பக்கம் ஓடி, சிங்கப்பூர்ப் பாலம் இருக்கிற பக்கத்துக் கோடியில டமார்னு முட்டுச்சு. டிரைவ்ல செவப்பு அலாரம்.

பரமேஸ் தலையில அடிச்சுக்கிச்சு. "மெஷினும் உங்கள மாதிரியேதாங்க. வீட்டுக்குப் போன்னா சிங்கப்பூருக்கு ஓடுது."

செல்வம் சிரிக்கல. பலகை மேலயே உக்காந்துட்டாரு. "போதும்ணே. நான் சூப்பர்வைசருக்குப் போன் அடிச்சு, நாளைக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! "போனை வைங்க லா! மோட்டாரை எங்க மாட்டுனீங்க?"ன்னு கத்தினேன். பாத்தா, பரமேஸோட வாஷிங் மெஷினுக்கு எடம் விடணும்னு, இந்தத் தடவை நான் சொன்ன கோடியில மாட்டாம மறு கோடியில திருப்பி மாட்டியிருக்காரு. எதிர்ல இருந்து பாத்தா வலது இடதாகாதா? சுத்துற திசையைச் சொல்ற செட்டிங்ல சைபரை ஒண்ணாக்கி, டிரைவை ஒரு தடவை அணைச்சு மறுபடியும் போட்டேன். இப்ப பட்டனை அமுக்க செல்வத்துக்குக் கை வரல. நான்தான் அமுக்கினேன்.

மெதுவா வந்துச்சு. சுவிட்சைத் தொட்டுச்சு. டிக். கொஞ்சம் பின்னால நகந்து, சமத்தா நின்னுச்சு.

செல்வத்துக்குக் கண்ணுல தண்ணி. எனக்கும்தான், என்னத்த மறைக்கிறது? அந்த நேரம் பாத்து அவரு போன் அடிச்சுச்சு. சூப்பர்வைசர், அவரும் நம்ம தமிழ் ஆளுதான். செல்வம் போனை சம்சாரம் பக்கம் நீட்டிட்டாரு. பரமேஸ்தான் வாங்கிப் பேசுச்சு:

"சொல்லுங்க சார், அவரு ஹோம் வந்துட்டாரு."

ஊரார் மெஷினையெல்லாம் ஹோமுக்கு அனுப்பி வெச்சுட்டு, ஸ்கூடாய் ஜாமுல மாட்டிக்கிட்டு, பொட்டலமா தப்பாவ் பண்ணின நாசி லெமாக் சோத்தை ஸ்டியரிங் மேல வெச்சுத் திங்கிறதுதாங்க இந்தத் தொழில்.