ஆனிக் கடைசியில் ஏற்றிய லோடு

வீடு மாற்றிக் கொடுப்பதுதான் பெஞ்சமினுக்குப் பிழைப்பு. புதுப்பட்டினம் மார்க்கெட் ஓரம் தன் குட்டி யானை லோடு வண்டியை நிறுத்தியிருப்பான். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனிக் கடைசி வாரத்தில் அவனுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. ஊரார் மூட்டை முடிச்சையெல்லாம் ஏற்றி இறக்கியவன், இந்த வருஷம் தன் மூட்டையையே கட்ட வேண்டியதாயிற்று. காரணம் பிரௌனி.

பிரௌனி அவன் வாங்கிய நாயல்ல. போன வருஷம் அவன் வண்டியில் வீடு மாறிய ஒரு குடும்பம், புது வீட்டில் நாய் கூடாதென்று அதைப் பழைய வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியது. மெயின் ரோடு வரை அது அவன் வண்டியைத் துரத்தியது. லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதைச் சீட்டில் ஏற்றிக்கொண்டான். அன்றைக்கு அந்தக் குடும்பத்தை அவன் திட்டாத திட்டு இல்லை.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா பிரபாவதிக்கு நாய் என்றாலே ஆகாது. "நாயை அனுப்பு, இல்லன்னா வூட்டைக் காலி பண்ணு பெஞ்சமினு. இந்த மாசத்தோட அக்ரிமென்ட் முடியுது."

பத்திரம் எழுதும் தமிழ்வாணனிடம் ஓடினான். "நாய் வளக்கக் கூடாதுன்னு இதுல ஒரு வரிகூட இல்ல மச்சான். ஆனா பதினோரு மாசம் முடிஞ்சிபோச்சே. மறுபடி எழுதிக் குடுக்கச் சொல்லி இன்னான்னு கேப்ப?" என்றான் அவன்.

பெஞ்சமின் வேறு வீடு தேடி அலைந்தான். ஏழு வீடு பார்த்தான். ஏழிலும் முதல் கேள்வி நாய்தான். எட்டாவதாகத் திருப்போரூரில் வீட்டுக்காரர் அப்பாசாமி கேட்டபோது, "அதெல்லாம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். பிரௌனியைக் கோவளத்தில் மச்சினன் சாலமோனிடம் விடலாம் என்று மனைவி ரூத்திடம் சொன்னான். படகு நிழலில் கிடக்கும், மீன் தலை கிடைக்கும் என்றெல்லாம் அடுக்கினான்.

ஆனிக் கடைசி நாள் காலை, கட்டில், பீரோ, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு இறுக்கினான். பிரௌனியைக் காணோம். குனிந்து பார்த்தால் வண்டிக்கடியில் பின்சக்கரத்தை ஒட்டிக் கிடந்தது. பிஸ்கட் போட்டும் வரவில்லை, உடம்பெல்லாம் நடுக்கம். சாமான் ஏறிக் கயிறு கட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாதா என்ன. பெஞ்சமினுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அங்கேயே நின்று அப்பாசாமிக்குப் போன் போட்டான். "சார், பொய் சொல்லிட்டேன். எங்கிட்ட ஒரு நாயி கீது."

"அப்ப வராதப்பா." அப்பாசாமி வைத்துவிட்டார்.

ஏற்றிய லோடோடு நடுத்தெருவில் நின்றான். விடிந்தால் ஆடி. மாடிப்படியில் நின்றிருந்த பிரபாவதிக்கும் அந்த நினைப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆடியில் காலி வீட்டை எவன் வந்து பார்ப்பான்?

"ஆடி முடியற வரைக்கும் இருந்துக்கோ. அதுக்கப்புறம் ஒரு நாள் தள்ள மாட்டேன்."

"சரிக்கா."

ஏற்றிய வாசலிலேயே லோடை இறக்கியது அவன் தொழிலில் அதுதான் முதல் தடவை. கட்டிலை உள்ளே போட்ட பிறகுதான் பிரௌனி வெளியே வந்து, அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மூட்டையெல்லாம் பிரிக்கட்டா?" என்று கேட்டாள் ரூத்.

"பாத்திரத்தை மட்டும் பிரி" என்றான்.