கவிழ்த்து வைத்த ஆறு கிளாஸ்

ஆர்டிஸ் கிளெம்ப் என்றாலே எங்கள் ஊரில் முதலில் வருகிற பேச்சு, அவள் மகா கஞ்சம் என்பதுதான். நானும் முப்பது வருடம் அதைச் சொல்லிச் சிரித்தவன். ஏன் அப்படி இருக்கிறாள் என்று தெரிந்தே சிரித்தவன், அதுதான் வெட்கக்கேடு. அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை பள்ளிக்கூட ஜிம்மில் அவளைப் பார்த்த மலைப்பு இன்னும் தீரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

விஸ்கான்சினில் எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களில் மதுக்கடைக்குக் குடும்பத்தோடு போவோம். வெள்ளிக்கிழமை மீன் வறுவல், புதன்கிழமை சீட்டாட்டம் எல்லாம் அங்கேதான். கடையில் ஒருவனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்க நினைத்தால் கண்ணைக் காட்டினால் போதும். கடைக்காரர் ஒரு குட்டிக் கிளாஸை அவன் முன்னால் கவிழ்த்து வைப்பார். அவனுடைய அடுத்த பிராந்திக்கு இன்னொருவர் பொறுப்பு என்று அர்த்தம். முன்னால் கிளாஸ் கவிழ்ந்திருக்கும்போது எழுந்து போகிறவன், வாங்கிக் கொடுத்தவரை அவமதித்த மாதிரி.

ஆர்டிஸ் கடையில் மட்டும் இந்த வழக்கம் கிடையாது. கேட்டால் "கிளாஸ் எல்லாம் உடைஞ்சு போச்சு" என்பாள்.

என் கூட்டாளி ஹார்லன் ஒருமுறை சீண்டினான். "ஒரு டஜன் நான் வாங்கித் தரட்டுமா, ஆர்டிஸ்?"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு மூடி வாங்குய்யா" என்றாள்.

மூன்றாவது பிராந்தி கேட்டால் முகத்தை உற்றுப் பார்ப்பாள். நான்காவது கேட்டால் கார்ச் சாவிக்குக் கையை நீட்டுவாள். தன் பழைய வண்டியில் தானே கொண்டு போய் வீட்டில் விடுவாள், வழி முழுக்கத் திட்டிக்கொண்டு. போதாததற்கு ஆம்புலன்ஸ் தொண்டர் வேலையும் பார்த்தாள். சம்பளமில்லாத வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபத்துமூன்று வயதிலும் பீர்ப் பீப்பாயைத் தனியாக உருட்டுவாள்.

கிளாஸ் உடைந்த கதை எனக்குத் தெரியும். 1983. அப்போது எங்கள் மாநிலத்தில் பதினெட்டு வயதானால் குடிக்கலாம். ஆர்டிஸுக்கு இருபத்தேழு, அப்பாவிடமிருந்து கடையை ஏற்றிருந்த புதுசு. கர்ட் டால்கே தன் பதினெட்டாவது பிறந்தநாளன்று சாயங்காலம் கடைக்கு வந்தான். தன் காசில் இரண்டு பீர் குடித்தான். பிறந்தநாள் பையன் என்று நாங்கள் ஆறு பேர் கண்ணைக் காட்டினோம். ஆறு கிளாஸ் அவன் முன்னால் வரிசையாகக் கவிழ்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஆறையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். வெளிச்சம் மங்குவதற்குள் நேர் ரோட்டில் ஓக் மரத்தில் மோதி இறந்து போனான். மரண விசாரணை அதிகாரி நல்ல மனிதர். விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், மேற்கொண்டு எதையும் தோண்டவில்லை.

அடக்கத்தன்று கர்டின் அம்மா மேவிஸ், ஆர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எவ்வளவு குடித்தான் என்று. ஆர்டிஸ் "ரெண்டு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மேவிஸ் புதன்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குச் சீட்டாட வந்தாள். முப்பத்தாறு வருடம். ஆர்டிஸுக்கு இந்த உலகத்தில் உறவு என்று சொல்ல வேறு யாருமில்லை.

இதற்கிடையில் குடிக்கிற வயது இருபத்தொன்று ஆகிவிட்டது. இப்போது அதைப் பத்தொன்பதாகக் குறைக்க ஒரு மசோதா. ஊர்க் கருத்தைக் கேட்கச் சட்டமன்றத்திலிருந்து வந்திருந்தார்கள். ஜிம்மில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு, டை கட்டிய ஓர் இளைஞர் தலைமை தாங்கினார். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்: ஆதரவா, எதிர்ப்பா, தகவலுக்கு மட்டுமா. மேவிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரி ஆதரவாகத்தானே பேசுவாள் என்று நாங்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தோம்.

ஆர்டிஸ் ஒலிபெருக்கி முன்னால் வந்தாள்.

"கடை வச்சிருக்கேன். ஆம்புலன்ஸும் ஓட்டறேன். இருபத்தொண்ணு ஆக்கினப்புறம் பசங்க சரளைக்கல் குவாரியில போய் ஒளிஞ்சு குடிக்கறாங்க. போன ஜனவரியில ஒரு பொண்ணைப் பனியிலேருந்து தூக்கினேன். கூட இருந்ததுங்க போலீஸுக்குப் பயந்து ஓடிடுச்சுங்க. பாவம், குளிர்ல விரல் செத்துப் போய், அவளுக்குப் பத்துல ஏழுதான் மிஞ்சிச்சு."

நாங்கள் கை தட்டினோம்.

"தட்டாதீங்க. இன்னும் முடிக்கலை" என்று சொல்லி, மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். "மேவிஸ், உங்ககிட்ட ரெண்டுன்னு சொன்னேன். அது பொய். ரெண்டு அவன் காசுல. பிறந்தநாளுக்குன்னு மேல ஆறு பிராந்தி. எட்டையும் நான்தான் ஊத்தினேன். நாலாவது பிராந்தியிலயே அவனுக்குக் கண்ணு சொருகிடுச்சு. மிச்ச ரெண்டு கிளாஸையும் எடுத்து உள்ள வச்சிருக்கலாம். வாங்கிக் குடுத்தவங்க மூஞ்சி சுருங்குமேன்னு பார்த்தேன். சட்டப்படி எல்லாம் சரி. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை."

டை கட்டிய இளைஞர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "அம்மா, அப்போ நீங்க மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

"சீட்டுல தகவலுக்கு மட்டும்னு போட்டிருக்கேன் தம்பி. வயசு எத்தனைன்னு நீங்க எழுதிக்குங்க. எவன் தள்ளாடறான்னு கடையில எதிர்ல நின்னு பார்க்கறவ நான்தான். அன்னைக்குப் பார்த்தும் ஊத்தினேன்."

மேவிஸ் எழுந்தாள். "வாங்கிக் குடுத்தது யாரு?"

"ஊத்தினது நான், மேவிஸ்."

எங்கள் ஆறு பேர் பெயரும் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்த ஒரே உறவையும் பணயம் வைத்துவிட்டு எங்களை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு மனுஷியை என் ஆயுளில் நான் கண்டதில்லை. எழுந்து "ஒண்ணு என்னுது" என்றேன். ஹார்லனும் எழுந்தான். மூன்று பேர் கல்லறையில் இருக்கிறார்கள். இன்னொருவன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

மேவிஸ் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆர்டிஸிடம் நடந்து போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அன்னைக்குக் காலைல அவன்கூடச் சண்டை" என்றாள். "இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னேன். ரெண்டே ரெண்டு பீர் குடிச்சவன், தினம் போற ரோட்டுல, மரத்துல போய் ஏன் மோதறான்? வேணும்னே மோதிட்டான்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். நான் சொன்ன சொல்லுக்காக."

தான் சொன்ன பொய் அந்த வீட்டில் போய் என்னவாக ஆகியிருந்தது என்று ஆர்டிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்ல மேவிஸ், இல்ல. நிக்கவே முடியலை அவனால. அம்மா கேக் பண்ணி வச்சிருப்பா, நேரமாச்சுன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினான்."

"ஏன்டி இதைச் சொல்லலை? வாராவாரம் எதிர்ல உட்கார்ந்தேனே, ஏன்டி சொல்லலை?"

மேவிஸ் ஆர்டிஸின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உலுக்கினாளா, விழாமல் இருக்கப் பிடித்தாளா, தெரியவில்லை.

"கேக் பண்ணித்தான் வச்சிருந்தேன்" என்றாள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."