டபாய்க்கிற வயிறு

எனக்கு வயிற்றுவலி வந்த வருஷம், வீட்டில் அதை யாரும் நம்பவில்லை. ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடமும் வலியும் ஒன்றாக வந்து சேர்ந்தது என் கெட்ட நேரம். சாப்பிட்டால் தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். பக்கத்து வீட்டு அத்தை எண்ணெய் தடவிக் குடல் தட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லியாம். இஸ்கூலுக்கு டபாய்க்குது," என்றார் சித்தப்பா.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மாவும் கேட்டாள்: "மெய்யா சொல்லுடி, டபாய்க்கினு கீறியா?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்று அழுதேன். மறுநாளும் கேட்டாள்.

பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்ததும், டாக்டர் மலத்தைச் சோதிக்கச் சொன்னார். கேமரா எட்டாத சிறுகுடலில் புண் இருந்தால் மலத்தில் ஒரு புரதம் ஏறுமாம். ஏறியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் பயமில்லை என்றார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஏறியிருந்தால் வயிற்றைக் கிழிப்பார்கள். அம்மாவின் அண்ணனை அப்படித்தான் கிழித்தார்கள், மாமா வீடு திரும்பவில்லை. ஏறாவிட்டால் நான் பொய்க்காரி. என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் சும்மா நின்றேன்.

மலத்தை ஒரு சின்ன டப்பாவில் பிடித்து, சில்லென்று வைத்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குச் சில்லென்றால் ஒன்றுதான். வஞ்சிரம் வைக்கும் பெட்டியில் உடைத்த ஐஸைப் பரப்பி, நடுவில் அந்தச் சின்ன டப்பாவைப் புதைத்து, ஈரச்சாக்கால் மூடினாள். பஸ்ஸில் ஒருத்தி, "உள்ள இன்னா மீனுக்கா கீது?" என்றாள். "விக்கிறதுக்கு இல்ல," என்றாள் அம்மா. எனக்கு மானம் போனது.

லேபில் திறந்து பார்த்த பெண் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஐஸ் தண்ணி உள்ள பூந்துடுச்சிம்மா. வேற எடுத்தாங்க."

ஒரு வார்த்தைக்கு மார்க்கெட்டையே ஒருகை பார்க்கும் அம்மா, அன்று சண்டை போடவில்லை. "சரிம்மா," என்று நீளமாக மூச்சு விட்டாள். வரும் வழியில் எனக்கு ரோஸ் மில்க் கூட வாங்கித் தந்தாள். இந்த அம்மா எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் தடவை கொடுத்தது சரியாக இருந்தது. முடிவைப் பார்த்த டாக்டர், "அளவு ரொம்ப ஏறியிருக்கு. பொண்ணு பொய் சொல்லலம்மா. சிறுகுடலை ஸ்கேன் பண்ணிப் பாத்துரணும்," என்றார்.

நான் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அம்மா வெளியே வந்து வராந்தாத் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை பயத்திலும் எனக்குள் ஒரு சின்ன கர்வம். என்னைச் சந்தேகப்பட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து, "வுடும்மா, பரவால்ல," என்று பெரியமனுஷியாகத் தோளைத் தட்டினேன்.

வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுகுடலில் புண், கிரோன் என்னும் நீடித்த குடல் நோய் என்று ஸ்கேனில் தெரிந்தது, மாத்திரை இன்றும் ஓடுகிறது. ஆனால் தினமும் அவள் 'டபாய்க்கினு கீறியா' என்று கேட்டது திட்டில்லை, ஒரு தடவையாவது 'ஆமாம், வலியே இல்ல' என்று சொல்லிவிட மாட்டேனா என்ற கெஞ்சல் என்பது, அவள் தோளைத் தட்டிய அந்தப் பெரியமனுஷிக்குத் தெரியாது.