பெருச்சாளி வளை என்று எழுதினேன்

என் வீட்டுப் புல்தரையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அளந்த பெருமையெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டை வெயிலில், இந்தச் செம்மண்ணில், பத்தடிக்குப் பன்னிரண்டடி பச்சைப் புல்! குளிக்கிற தண்ணீரில் பாதியை அதற்குக் கொடுத்து வளர்த்தேன். வருகிறவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்க்கச் சொன்னேன். சிலர் நடந்தார்கள். சிலர் அதற்கப்புறம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

போன திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன் – புல்தரையில் நாலு இடத்தில் மண் குவியல். ஒவ்வொன்றும் ஒரு கூடை மண் இருக்கும்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "பெருச்சாளி" என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு இருந்த திருப்தி இருக்கிறதே... போகட்டும்.

பொறி வைத்தேன். உள்ளே மசால் வடை வைத்தேன். மறுநாள் வடையைக் காணோம், பெருச்சாளியையும் காணோம். குவியல் மட்டும் ஐந்தாகியிருந்தது.

பக்கத்து வீட்டு போஸ்ட் மாஸ்டர் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "இது நம்மளால ஆகாதுங்க. வெள்ளையம்மான்னு ஒரு அம்மா இருக்காங்க. ஸ்கூல் ஃபுட்பால் கிரவுண்டு, ஆஸ்பத்திரி காம்பவுண்டு எல்லாம் அவங்கதான் பாக்குறாங்க. சொல்லி அனுப்புறேன்" என்றார்.

புதன்கிழமை வெள்ளையம்மா வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. தலையில் ஒரு கூடை. அதில் ஒரு மண்வெட்டி, மண் இடிக்க ஒரு கட்டை, கொஞ்சம் வைக்கோல், அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை. என் புல்லின் அழகை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேரே குவியலுக்குப் போய் மண்ணை விரலில் நசுக்கிப் பார்த்தார்கள்.

"இது நேத்துத் தள்ளுன மண்ணு. அது பழசு. இங்கிட்டுத்தான் கெடக்கு" என்றார்கள்.

பானைக்குள் வைக்கோலையும் நாலு மிளகாய் வற்றலையும் போட்டுத் தீ மூட்டி, அதை வளையின் வாயில் கவிழ்த்தார்கள். அடி ஓட்டையில் வாயை வைத்து ஊதினால் புகை மண்ணுக்குள் போகும். வளைக்கு வேறு வாசல் இருந்தால் அது வழியாக வெளியே வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

"ஐயா, நீங்க அங்கிட்டு நின்னு, எங்கிட்டாச்சும் பொக வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பேப்பர் வந்தது. தலைப்பை மட்டும் பார்ப்போம் என்று பிரித்தேன்.

"வருதாய்யா?"

"வரலைம்மா" என்றேன்.

அவர்கள் எழுந்து வந்தார்கள். எனக்குப் பின்னால் செம்பருத்திச் செடியின் அடியில் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்!

"நல்லாப் பாத்துச் சொல்லணும்யா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மண்கட்டியால் அந்த வாசலை மூடிக்கொண்டே, "நானும் ஒருக்கா இப்பிடித்தான் பொக வரலைன்னு சொல்லிப்புட்டேன். அதுல எங்க குடும்பமே போச்சு" என்றார்கள்.

வாராவாரம் எழுதிப் பிழைக்கிறவன் முன்னால் இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் விடுவானா? "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்க ஊரு ஆவுடையார்கோவிலுக்குத் தெக்கங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கம்மாக்கரையிலதான் வேலை. கோடையில தண்ணி வத்துனதும் கரை பூராம் நடந்து, பெருச்சாளி வளையெல்லாம் பாத்து அடைக்கணும். ஒண்ண விட்டாலும் மழைக்குத் தண்ணி அதுல பூந்து கரைய அறுத்துரும்ல? ஊர்ல எல்லா வீட்டுலயும் அறுப்புக்கு நெல்லு குடுப்பாங்க. அவரு கரைக்கு வெளிப்பக்கம் உக்காந்து ஊதுவாரு. நான் உள்பக்கம் நின்னு பொக வருதான்னு பாப்பேன். அடைக்கலம்னு பேரு அவருக்கு. வளைய அடைக்கிற ஆளுக்கு அடைக்கலம்னு பாத்துப் பேரு வச்சிருக்காங்க பாருன்னு ஊரே கேலி பண்ணும்."

நான் கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

"ஒரு ஐப்பசியில, மிஞ்சுன தண்ணி வழிஞ்சு போற கலுங்குக்குப் பக்கத்துல, ஒரு பூவரச மரத்துக்கிட்ட கரை ஒடைஞ்சுபோச்சு. நட்ட பயிரு பூராம் மண்ணு மூடிருச்சு. கம்மாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆபீஸ்ல இருந்து எழுதிட்டாங்க, பெருச்சாளி வளைதான் காரணம்னு. அந்த எடத்துல நாந்தான் நின்னேன். பொக வரலைன்னு நாந்தான் சொன்னேன்."

"ஊர்ல என்ன சொன்னாங்க?"

"அடிக்கல, வையல. 'விட்டுட்டே போல இருக்கே அடைக்கலம், நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம்'னாங்க. அம்புட்டுத்தான்."

"அவர் ஒத்துக்கிட்டாரா?"

"மொதல்ல இல்லவே இல்லன்னுதான் சொன்னாரு. அப்புறம் அவரே, 'சர்க்காரு பாக்காமயா எழுதியிருக்கும்?'னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. இங்கிட்டு டவுனுக்கு வந்தும் விடல. சோத்துல கைய வச்சுக்கிட்டே கேப்பாரு – 'வெள்ளையம்மா, அந்தப் பூவரச மரத்துக்கிட்ட நல்லாப் பாத்தியா?' பாத்தேங்கன்னு சொல்லுவேன். மறுநாளும் கேப்பாரு. ஏழெட்டு வருசம் கேட்டாருங்க. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. 'நாந்தான் சரியாப் பாக்கல போல, என்னைய மன்னிச்சுருங்க'ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவரு கேக்கல. எங்கூடப் பேசுறதையும் கொறச்சுக்கிட்டாரு."

"இப்ப..."

"செத்துப்போய் ரெண்டு வருசம் ஆச்சுய்யா."

சொல்லிவிட்டு மறுபடியும் பானையை எடுத்து ஊதப் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை.

இனி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வருவதற்கு முன் நான் ஓவர்சியர். கண்மாய்க் கரைகளின் மராமத்து வேலை. அறந்தாங்கியில் ஆபீஸ். அந்த ஐப்பசியில் கரை உடைந்த சேதி வந்ததும் என்னைத்தான் அனுப்பினார்கள். ஆவுடையார்கோவில் வரை பஸ்ஸில் போனேன். அங்கிருந்து சைக்கிளில் நாலு மைல் போக வேண்டும். பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். போயிருக்கலாம். அன்றைக்கு அதே பாதையில் பெண்கள் தலையில் சாமானை வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். நான் ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று ஆர்டர். அதில் 'உடைப்புக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, 'ராட் ஹோல்ஸ்', அதாவது பெருச்சாளி வளை என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்பதால் எழுதினேன். எங்கள் லைனில் கரை உடைந்தால் பழியை எலி மேல் போடுவது வழக்கம். எலி வந்து மறுக்காது. மெமோ கொடுத்தால் பதில் எழுதாது. யூனியன் வைத்து ஊர்வலம் போகாது. எவ்வளவு சௌகரியம்! எலிக்குப் பக்கத்தில் ஒரு மனுஷர் நிற்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இதோடு போயிருந்தால்கூடச் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஒரு மாதம் கழித்து, உடைப்பை அடைக்க எஸ்டிமேட் போடுவதற்காக அந்தக் கரைக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. உடைந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். அதற்கு முந்தின கோடையில் புது மண் போட்டு உயர்த்திய இடம். ஒவ்வொரு அடுக்கு மண்ணையும் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்க வேண்டும். இடிக்கவில்லை. விரலை வைத்தேன், மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதையும் பார்க்காமல்தான் போட்டிருந்தேன்.

அப்போது ஒரு ஆள் கரை மேல் ஓடி வந்தார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, நான் அடைக்கலங்க. எந்த வளைய விட்டேன்னு கொஞ்சம் காட்டுங்கய்யா. பாத்துக்கிறேன்" என்றார்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் வேலை போயிருக்கும். அல்லது போகாமலும் இருந்திருக்கும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் தண்ணியோட போயிருச்சுப்பா" என்றேன்.

அவர் நம்பினார். உடைந்த கரையின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். இப்போதும் அந்த முதுகு எனக்குத் தெரிகிறது.

பதின்மூன்று வருஷம். எத்தனையோ விஷயங்களை இந்தப் பக்கத்தில் கேலி செய்திருக்கிறேன். முனிசிபாலிட்டியை, பஸ்காரர்களை, என் மாமனாரை... இதைத் தொடவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள்.

வெள்ளையம்மா பெருச்சாளியைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, வளையில் மண்ணைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி மண், நாலு இடி. ஒரு பிடி மண், நாலு இடி. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா... அந்த ரிப்போர்ட்டை எழுதினவன் நான்தான்."

கட்டை நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். காபி கிளப்பை, கையெழுத்தை, தண்ணியோட போயிருச்சு என்றதை. அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் கேட்டார்கள்.

"அப்ப... அங்க வளையே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. மண்ணு இடிக்காம விட்டதுதான் காரணம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, தனக்குத்தானே சொல்வது மாதிரி, "அப்ப பொக வரலைதான்... நான் நல்லாத்தான் பாத்திருக்கேன்" என்றார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகைக்கு அங்கே என்ன மரியாதை என்று தெரியவில்லை.

என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மண்வெட்டியை ஓங்கியிருந்தால்கூட நகர்ந்திருக்க மாட்டேன். திட்டவில்லை. நானேதான் உளறினேன். "உங்க ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்றேம்மா. பத்திரிகையில எழுதுறேன்."

"ஊருக்கு எதுக்குய்யா?" என்றார்கள். "ஊரு எப்பவோ மறந்துருச்சு. அவரு ஒருத்தருதான் மறக்கல. அவருகிட்ட வந்து சொல்லியிருந்தீங்கன்னா, எங்கூடயாச்சும் பேசிக்கிட்டு இருந்திருப்பாரு."

மிச்சமிருந்த வளையையும் இடித்து மூடினார்கள். அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். புல்தரை இப்போது சமமாக இருக்கிறது. எனக்குத்தான் அதில் கால் வைக்கப் பிடிக்கவில்லை.

அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேன் அல்லவா? ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்...

அந்த வருஷம் எனக்குப் பிரமோஷன் கிடைத்தது.