குழைந்த சோறும் ஜப்பான் சாரும்

மெஸ் நடத்துகிறவனுக்கு இரண்டு விஷயம் ஆகாது: சோறு குழையக் கூடாது, வந்தவர் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. கலசப்பாக்கத்திலிருந்து மலையேறி வந்து, புதூர்நாட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் நான் மெஸ் போட்டபோது என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது என் சோறு ஒன்றுதான். வடித்துக் கொட்டினால் பருக்கையோடு பருக்கை ஒட்டாது. ஜீப் டிரைவர்களும் வாத்தியார்களும் புளி வியாபாரிகளும் அதற்காகவே வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு மனிதர் வந்து அந்த இரண்டையும் ஒரே மழைக்காலத்தில் நடத்திக் காட்டினார். கடை வைத்து நொந்தவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது எடுபடும்.

மீதி எல்லாம்

வேளாண்மை ஆபீசர் ஒருநாள் தன் ஜீப்பிலிருந்து ஒரு ஜப்பான்காரரை இறக்கிவிட்டார். பெயர் ஹயாஷி. சாமைப் பயிரை ஆராய வந்தவர். வெள்ளையன் என்கிற மலை விவசாயியின் புன்செய்க் கொல்லையில் விதவிதமான சாமையைத் தனித்தனிப் பாத்தியாக விதைத்து, அறுவடை வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும். முந்தின வருஷம் வேறொரு மலையில் இதே வேலையைத் தொடங்கி, மழை ஏமாற்றிப் பாதியில் நின்றுவிட்டதாம். இந்த முறையும் கைவிட்டுப் போனால் மறுபடி அனுப்ப மாட்டார்கள். தங்குவதற்கு ஆபீஸ் அறை, மூன்று வேளைச் சாப்பாடு என் மெஸ்ஸில் என்று ஏற்பாடு.

சென்னையில் தங்கித் தமிழ் படித்திருந்தார். பாடப்புத்தகம் எழுந்து வந்து பேசுவதுபோல இருக்கும். மீன், இறைச்சி, முட்டை உண்பதில்லை என்றார். அதனால் என்ன, புரட்டாசியில் நாங்களே தொடுவதில்லை என்று இலையைப் போட்டேன். பருப்பில் நெய் விடப் போனால் கையைக் குறுக்கே நீட்டினார். தயிர் வேண்டாம். மோர் வேண்டாம். என் மனைவி சரோஜா ஆசையாகப் பாயசம் கொண்டுவந்தாள். அதில் பால் இருக்கிறதா என்று கேட்டு, அதையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். கோயில் பூசை செய்கிற குடும்பத்தில் பிறந்தவராம். உயிர் உள்ளதும் வேண்டாம், அதனிடமிருந்து எடுப்பதும் வேண்டாம் என்று தானாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. "அப்புறம் இன்னாதாங்க சாப்புடுவீங்க?" என்று கேட்டேன்.

"மீதி எல்லாம்" என்றார்.

தேன்

மறுநாள் வெள்ளையன் ஒரு பாட்டில் மலைத்தேனோடு மெஸ்ஸுக்கு வந்தார். ஊர் தேடி வந்த ஆளுக்குத் தேன் கொடுத்து வரவேற்பது அவர் வழக்கம். ஹயாஷி எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, தேன் தேனீக்களுக்கே இருக்கட்டும் என்றார். எனக்குத் திக்கென்றது. நிலம் கொடுத்த மனிதர் கோபித்துக்கொண்டால் ஆராய்ச்சி அன்றோடு சரி. வெள்ளையன் பாட்டிலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாவம்னு இவரு சொல்றாரு. நம்மளப் பாவம்னு அதுங்க ஒரு நாளும் கொட்டாம வுட்டதில்லீங்களே!"

பருக்கை பருக்கையாக

இனிமேல்தான் என் வேதனை. ஹயாஷி இரண்டு மூங்கில் குச்சிகளால் சாப்பிடுகிறவர். என் சோறோ உதிரிச் சோறு. கோழி பொறுக்குவதுபோல ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் அதை ரசனை என்று நினைத்து, உள்ளே போய்ச் சரோஜாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். எல்லாரும் சாப்பிட்டுப் போய், பெஞ்சு துடைத்து, பாத்திரம் கழுவி முடித்தபிறகும் இலையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கையால் சாப்பிடச் சொல்லிப் பார்த்தேன். சோறு விரலிடுக்கில் கொட்டியது, ரசம் முழங்கை வரை ஓடியது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "மிகவும் நன்றாக இருக்கிறது" என்பார். சப்பாத்தி போட்டேன், தோசை வார்த்தேன். மரியாதைக்குக் கொஞ்சம் கடித்துவிட்டு, சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆள் இளைத்துக்கொண்டே போனார். பேண்ட் நிற்காமல் இடுப்பில் சணல் கயிறு கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். ஆபீசர் அவரைக் கீழே அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். பாலும் முட்டையும் கொடுங்கள், இல்லையென்றால் மலையிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சாமை அப்போதுதான் பூட்டை விட, அதாவது கதிர் தள்ள, ஆரம்பித்திருந்தது. ஆபீசர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அடுத்த தடவ நான் வரும்போதும் இவரு இப்டியே இருந்தா வேலூருக்குக் கூட்டினு பூடுவேன். அவரு ஆராய்ச்சி போச்சு, உன் மெஸ்ஸு பேரும் போச்சு, பாத்துக்க."

அன்றைக்குப் பார்த்து

சரோஜா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள். ஜீப் டிரைவர் கோவிந்தன் கொண்டுவந்த மண்ணெண்ணெய் டின் வழியெல்லாம் ஒழுகியிருந்தது. அதற்காக அவனோடு வாசலில் நின்று சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்தால், உலைத்தண்ணீர் வற்றி, சோறு குழைந்து களியாகிக் கிடந்தது. அழுகையே வந்துவிட்டது. மாட்டுக்குக் கொட்டிவிட்டு வேறு உலை வைக்கலாம் என்று பானையைத் தூக்கும்போது ஹயாஷி வந்து நின்றார். பானையை எட்டிப் பார்த்தார். அதையே போடுங்கள் என்றார். வேண்டாங்க, அது கெட்டுப் போச்சு என்றேன். கேட்கவில்லை.

குச்சியால் ஒரு கட்டி எடுத்தார். நிற்கிறது. புளித்தொக்கைத் தொட்டு வாயில் போட்டார். மூன்றாம் முறையும் கேட்டு வாங்கி, இலையைத் துடைத்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இன்றுதான் சோறு சரியாக வெந்திருக்கிறது."

தனிப் பானை

உயிர் பிழைத்தது என்று சந்தோஷப்படுவதா, மானம் போனது என்று துக்கப்படுவதா? மறுநாளிலிருந்து பின்கட்டில் ஒரு சின்னப் பானையில், யாருக்கும் தெரியாமல், வேண்டுமென்றே சோற்றைக் குழையவிட்டேன். நல்ல அரிசியைப் போட்டு, நேரம் தெரிந்தே கடந்து, கெடுத்து இறக்குவது சாதாரண காரியம் இல்லை. கை வராது. ஊரிலிருந்து திரும்பிய சரோஜாதான் என்னை வெளியே தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனை நாள் மறைக்க முடியும்? கோவிந்தன் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் வந்தவன் பானையைப் பார்த்துவிட்டான். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். ஜப்பான் சாருக்காக என்றேன். உடம்புக்கு என்ன என்றான். பசி என்றேன். அவன் அங்கேயே ஒரு கவளம் எடுத்துத் தின்று பார்த்தான்.

"அண்ணே, பல்லு இல்லாத எங்கப்பன் இத்தினி வருசமா இங்க வந்து தவிக்கிறாரு. இந்தப் பான அப்போ எங்க போச்சு?"

கார்பன் பேப்பர்

திருப்பத்தூர் தபாலாபீஸ் வழியாக ஹயாஷிக்கு ஜப்பானிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. உள்ளே கறுப்பாக, மெல்லிசாக, அடுக்கடுக்காகத் தாள். பத்திர எழுத்தர் வைத்திருக்கிற கார்பன் பேப்பரேதான். கடலில் முளைக்கிற பாசியைக் காயவைத்தது, தின்னலாம் என்றார். எங்களுக்கெல்லாம் சுஷி என்கிற அவர் ஊர்ச் சோற்றுச் சுருள் செய்து தருகிறேன் என்று சமையல்கட்டுக்குள் வந்துவிட்டார். அவர்கள் சேர்க்கிற புளிப்புக் காடி இல்லாததால் குழைந்த சோற்றில் புளித்தண்ணீரும் உப்பும் துளி வெல்லமும் சேர்த்துப் பிசைந்தோம். தாளின் மேல் சோற்றைப் பரப்பி, நடுவில் வெள்ளரிக்காயும் வேகவைத்த பலாக்கொட்டையும் வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டித் துண்டு போட்டார்.

சுருட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார். அவர் ஊரில் வீட்டுக்குக் கீழேயே ஒரு சுஷி கடை. கண்ணாடிப் பெட்டி நிறைய மீன். வருகிறவர்கள் எல்லாரும் மீனைக் காட்டிக் கேட்பார்கள். இவர் மட்டும் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சுருள், சுரைக்காய் வற்றல் சுருள், மறுபடி வெள்ளரிக்காய் சுருள் என்று கேட்பாராம். கடைக்காரர் மீன் பெட்டியைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார், கத்தியைத் துடைத்துவிட்டு வெள்ளரிக்காயை எடுப்பார். நான் பார்த்தே இராத அந்த ஜப்பான் கடைக்காரர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. அவரும் நம்ம ஜாதிதானே, கடைக்கார ஜாதி.

ஜப்பான்காரர் பச்சை மீன் போடுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டதால் அன்று மெஸ்ஸில் நிற்க இடமில்லை. மீன் எங்கே என்று தேடிப் பார்த்துப் பாதிப்பேர் போய்விட்டார்கள். வெள்ளையன் மட்டும் ஒரு துண்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டு, கடைசி வரை மென்று விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நம்ம கட்டுச்சோறு தாங்க இது. பொட்டலத்தோட துன்றாங்க, அவ்ளோதான்."

சணல் கயிறு

சாமை முற்றியிருந்த நேரத்தில் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மணி கொட்டிவிடும், இன்றே அறுக்க வேண்டும் என்றார் வெள்ளையன். ஒரு பாத்தியும் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதால் ஹயாஷியால் கொல்லையை விட்டு நகர முடியாது. சாப்பாடு நான்தான் கொண்டுபோக வேண்டும். கடல்பாசி தீர்ந்துபோயிருந்தது. வாழை இலையை அனலில் வாட்டி, புளிச்சோற்றில் வறுத்த கொள்ளும் பலாக்கொட்டையும் வைத்து நானும் சரோஜாவும் சுருட்டினோம். அறுக்கிற பெண்கள் ஒரு கையில் அரிவாளும் மறு கையில் சுருளுமாகத் தின்றார்கள். ஹயாஷி எத்தனை தின்றார் என்று நான் பார்க்கவில்லை. கூடை காலியாகத்தான் திரும்பியது.

சாயங்காலம் ஆபீசர் ஜீப் வந்து நின்றது. வேலூருக்கு அழைத்துப் போகிற முடிவோடுதான் வந்திருந்தார். கடைசிக் கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்த ஹயாஷியை ஏற இறங்கப் பார்த்தார். கன்னம் நிறைந்திருந்தது, பேண்ட் தானாக இடுப்பில் நின்றது. "கயிறு எங்க சார்?" என்றார்.

"சாமைக் கட்டு கட்டக் கொடுத்துவிட்டேன்."

போகிற நாள்

புறப்படுகிற அன்று சரோஜா வழக்கம்போலச் சின்னப் பானையை இறக்கி வைத்தாள். ஹயாஷி அதை வேண்டாம் என்றார். எல்லாருக்கும் போடுகிற சோற்றைப் போடுங்கள் என்று சொல்லி, குச்சிகளைப் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். குழம்பு விட்டுப் பிசைந்து, விரல் நுனியில் திரட்டி, கட்டைவிரலால் தள்ளிச் சாப்பிட்டார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. கொல்லையில் பெண்கள் கூழும் சோறும் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார், எனக்குச் சொல்லவே இல்லை. ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இலையில் மிச்சம் ஒன்றும் இல்லாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"உங்கள் சோறு நல்ல சோறு. எனக்குத்தான் கை தாமதமாக வந்தது."

அன்று முதல் சின்னப் பானையைக் கவிழ்த்து வைக்கலாம் என்று இருந்தேன். கோவிந்தன் விடவில்லை. ஜீப் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தின்ன அதுபோல வசதி வேறில்லை என்று தினமும் நாலு சுருள் கட்டித் தரச் சொன்னான். அவனைப் பார்த்து மற்ற டிரைவர்கள், அவர்களைப் பார்த்து நெல்லிவாசலுக்கு நடந்து போகிற வாத்தியார்கள், கூடவே கோவிந்தனின் அப்பா.

வாழ்நாளெல்லாம் பருக்கை ஒட்டாமல் சோறு வடித்த என்னை இந்த மலையில் இன்றைக்கும் "குழைஞ்ச சோத்து மெஸ்ஸுக்காரர்" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.